ஆப்பரேஷனுக்குக் கையெழுத்துப் போடும் முன்: டர்பன் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட், வெருலம் என்று எந்தப் பக்கம் போனாலும், சுகர் மாத்திரை இல்லாத தமிழ் வீட்டைப் பார்ப்பது அரிது. சுகர் வந்த வீட்டில் ஒருநாள் நெஞ்சுவலி, ஆஞ்சியோகிராம், ஸ்டென்ட், பைபாஸ் என்று பேச்சு வராமல் போவதில்லை. நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மருத்துவ ஆராய்ச்சிப் பிரிவில் சிஸ்டராக வேலை பார்த்தவள். வார்டிலும் கோயிலிலும் கல்யாண வீட்டிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். உங்கள் உடம்பைப் பார்த்த டாக்டரின் முடிவுக்கு இது மாற்று ஆகாது. அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போக உதவும்.

"ரிஸ்க் ரெண்டு பெர்சென்ட்தான்" என்று டாக்டர் சொன்னார். அதை எப்படி எடுத்துக்கொள்வது?

மூன்று விஷயம் கேளுங்கள். எதற்கு ரெண்டு பெர்சென்ட்? எத்தனை நாள் வரை கணக்கு? யாரை வைத்துப் போட்ட கணக்கு?

முதலாவது ரொம்ப முக்கியம். பைபாஸ், அதாவது இதயக் குழாயின் அடைப்பைத் தாண்டி ரத்தத்துக்கு வேறு வழி போடும் ஆப்பரேஷன், செய்துகொள்பவர்களில் இறப்பவர்கள் பெரிய பதிவேடுகளில் நூற்றுக்கு 1 முதல் 3 பேர் வரை இருப்பார்கள். டாக்டர் சொல்லும் எண் பெரும்பாலும் இதுதான். பக்கவாதம், சிறுநீரகம் கெடுவது, நெஞ்செலும்பில் சீழ் பிடிப்பது எல்லாம் அந்த எண்ணுக்குள் வராது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கணக்கு உண்டு. சுகர் இருப்பவருக்கு நெஞ்செலும்புப் புண் ஆறுவது கூடுதல் கஷ்டம் என்பதால் அதைப் பற்றித் தனியாகக் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது நாள் கணக்கு. ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வரும்வரை எண்ணினால் ஒரு எண் வரும், 30 நாள் வரை எண்ணினால் பெரும்பாலும் அதைவிடப் பெரிய எண் வரும். இரண்டும் சரியான கணக்குதான். ஆனால் எது உங்களிடம் சொல்லப்பட்டது என்று தெரியவேண்டும்.

மூன்றாவது, யாருடைய கணக்கு என்பது. இதய ஆப்பரேஷனுக்கு யூரோஸ்கோர் என்று ஒரு அளவுகோல் உண்டு. 1999இல் வந்து, 2012இல் புதுப்பிக்கப்பட்டது. வயது, சிறுநீரகம், நுரையீரல், இதயம் பம்ப் செய்யும் பலம் போன்றவற்றைப் போட்டால் ஒரு சதவீதம் தரும். அது முக்கியமாக ஐரோப்பிய நோயாளிகளைக் கொண்டு உருவாக்கப்பட்டது. அதற்காகத் தூக்கிப்போட வேண்டியதில்லை. "உங்கள் யூனிட்டில் இந்த ஆப்பரேஷன் செய்தவர்கள் எப்படி இருக்கிறார்கள்?" என்றும் சேர்த்துக் கேளுங்கள். நல்ல சர்ஜன் இந்தக் கேள்விக்குக் கோபப்படமாட்டார்.

தியேட்டருக்குள்ளேயே உயிர் போய்விடுமோ என்று தாத்தா பயப்படுகிறார். என்ன சொல்வது?

மயக்க மருந்து கொடுத்ததும் திரும்ப எழுந்திரிக்க மாட்டோம் என்ற பயம் எல்லாருக்கும் இருக்கிறது. இன்று நிலவரம் வேறு. விஷன் என்ற பெரிய ஆய்வு 14 நாடுகளில், 45 வயதும் அதற்கு மேலும் உள்ள 40,004 பேரைத் தொடர்ந்து கவனித்தது. தென்னாப்பிரிக்காவும் அதில் சேர்ந்திருந்தது. இதயம் அல்லாத ஆப்பரேஷன் செய்துகொண்டவர்கள் அவர்கள். 30 நாளுக்குள் 715 பேர் இறந்தார்கள். அதில் தியேட்டருக்குள் இறந்தவர்கள் 5 பேர் மட்டும். இறந்தவர்களில் நூற்றுக்கு 70 பேர் போல ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே, ஆனால் ஆப்பரேஷன் முடிந்தபின் இறந்தார்கள். கிட்டத்தட்ட 29 சதவீதம் பேர் வீட்டுக்கு அனுப்பப்பட்டபின் இறந்தவர்கள். பெரிய ரத்தப்போக்கு, இதயத் தசைக்கு வந்த பாதிப்பு, கிருமி ரத்தத்தில் பரவுவது ஆகிய மூன்றும் சேர்ந்து, இறப்புகளில் பாதிக்குச் சற்றுக் குறைவானவற்றோடு தொடர்புடையவை.

நம் நாட்டுச் சரித்திரத்திலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. 1967 டிசம்பர் 3ஆம் தேதி கேப்டவுன் க்ரூட் ஸ்கூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் கிறிஸ்டியான் பர்னார்ட் உலகின் முதல் மனித இதய மாற்று ஆப்பரேஷனைச் செய்தார். ஆப்பரேஷன் வெற்றி. புது இதயம் நன்றாகவே ஓடியது. ஆனால் நோயாளி லூயிஸ் வாஷ்கன்ஸ்கி 18ஆம் நாள் நிமோனியாவால் இறந்தார். உடம்பு புது இதயத்தை ஒதுக்காமலிருக்கக் கொடுத்த மருந்து எதிர்ப்புச் சக்தியைக் குறைத்திருந்தது.

ஆகவே தாத்தாவிடம் தியேட்டரைப் பற்றித் தைரியம் சொல்லுங்கள். குடும்பத்தின் கவனம் அதற்குப் பிந்திய ராத்திரிகளில் இருக்கட்டும். கட்டிலின் கால்மாட்டில் ஒரு சார்ட் தொங்கும். பிரஷர், நாடி, காய்ச்சல், ஆக்ஸிஜன், மூச்சு எண்ணிக்கை என்று கட்டம் கட்டமாக இருக்கும். அதில் நான் எப்போதும் முதலில் பார்ப்பது மூச்சு எண்ணிக்கையை. ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்து எண்ண வேண்டும். ஆள் பற்றாக்குறையான வார்டில் நேரம் கிடைக்காமல் எல்லாருக்கும் ஒரே எண்ணை எழுதிவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். உடம்பு கெட ஆரம்பித்தால் பிரஷர் விழுவதற்கு முன்பே பெரும்பாலும் மூச்சு வேகமாகிவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நீங்களே ஒரு நிமிடம் கடிகாரத்தைப் பார்த்து எண்ணலாம். 25க்கு மேல் போனால், அல்லது தாத்தா சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தால், சிஸ்டரைக் கூப்பிடுங்கள். தொந்தரவு கொடுக்கிறோமே என்று தயங்காதீர்கள்.

ஆப்பிரிக்காவில் ஆப்பரேஷன் செய்துகொள்வது ஆபத்தா? ஊருக்கு, சென்னைக்குப் போய்விடலாமா?

இதைப் பற்றி நன்றாகத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். கேப்டவுன் பல்கலைக்கழகத்தின் புரூஸ் பிக்கார்ட் தலைமையில், ஆப்பிரிக்காவின் 25 நாடுகளில் 247 ஆஸ்பத்திரிகள் சேர்ந்து ஓர் ஆய்வு நடத்தின. 2016இல் ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் ஒரு வாரம் தன்னிடம் ஆப்பரேஷனுக்கு வந்தவர்களை எண்ணியது. முடிவு 2018இல் லான்செட் இதழில் வந்தது. மொத்தம் 11,422 நோயாளிகள், சராசரி வயது 38 சொச்சம். உலகக் கணக்கோடு பார்த்தால் வயதும் நோயும் குறைந்தவர்கள். அப்படியிருந்தும் 18 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்தது, 2.1 சதவீதம் பேர் இறந்தார்கள். உலகச் சராசரியைப்போல இரண்டு மடங்கு. இங்கேயும் இறப்புகளில் 90 சதவீதத்துக்கு மேல் ஆப்பரேஷன் நாளுக்குப் பிறகுதான் நடந்தன.

இதே ஆய்விலிருந்து பிரசவ ஆப்பரேஷனைத் தனியே எடுத்துப் பார்த்தபோது ஆயிரத்துக்கு ஐந்து தாய்மார் இறந்திருந்தார்கள். பணக்கார நாடுகளைப்போல சுமார் 50 மடங்கு. இந்த எண்ணைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சர்ஜனின் கைத்திறமை மட்டுமே இதற்குக் காரணம் என்று நினைக்காதீர்கள். தாமதமாக வருவது, ரத்தம் கையிருப்பில் இல்லாதது, மயக்க மருந்து டாக்டர்கள் போதாதது, ஆப்பரேஷனுக்குப் பின் கவனிக்க ஆள் இல்லாதது எல்லாம் சேர்ந்துதான் இப்படி ஆகிறது.

இது கண்டம் முழுவதற்குமான கணக்கு. டர்பனில் ஒரு நல்ல இதயப் பிரிவில் பைபாஸ் செய்துகொள்பவருக்கு அப்படியே பொருந்தாது. ஊருக்குப் போவது என்றால் மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) அங்கே எவ்வளவு ஏற்கும், நெஞ்சுத் தையலோடு நீண்ட விமானப் பயணம் எப்போது பாதுகாப்பு, திரும்பி வந்தபின் சிக்கல் வந்தால் யார் பார்ப்பார்கள் என்று யோசியுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாமல் யாரும் கிளம்பக்கூடாது.

சரி, அதிகமாகக் கவனித்தால் இறப்பு குறையுமா? அதையும் சோதித்துப் பார்த்தார்கள். அடுத்த ஆய்வில், ஆபத்து கூடிய நோயாளிகளை நர்ஸ் மேசைக்குப் பார்வை படும் கட்டிலில் போடுவது, அடிக்கடி பிரஷர் பார்ப்பது, குடும்பத்தினரை வார்டில் இருக்க அனுமதிப்பது போன்ற ஏற்பாடுகளைச் செய்தார்கள். 2021இல் வந்த முடிவில் சிக்கலும் இறப்பும் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. ஆள் இல்லாத வார்டில் கூடுதல் வேலையைச் சொன்னால் அது முழுதாக நடக்காது என்பது என் எண்ணம். குடும்பத்தார் பக்கத்தில் இருப்பது வீண் என்று இதை நான் எடுத்துக்கொள்ளவில்லை.

முட்டி ஆப்பரேஷனுக்குத்தானே போகிறோம், இதயத்தை ஏன் சோதிக்கிறார்கள்?

ஆப்பரேஷன் எந்த இடத்தில் நடந்தாலும் பாரம் இதயத்துக்குத்தான். பெரிய ஆப்பரேஷனுக்குப் பின் ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனை செய்து பார்த்ததில், 45 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 8 பேர் போல இதயத் தசைக்குப் பாதிப்பு வந்திருந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு நெஞ்சுவலியே இல்லை. வலி மருந்தின் மயக்கத்தில் இருப்பவருக்கு வலி எப்படித் தெரியும்? அந்தப் பாதிப்பு வந்தவர்களில் பத்தில் ஒருவர் 30 நாளுக்குள் இறந்தார். வராதவர்களில் நூற்றுக்கு ஒருவர்தான்.

ஆபத்தை முன்கூட்டி எடைபோட 1999இல் வந்த ஆறு கேள்விகள் இன்றும் பயன்படுகின்றன. ஆப்பரேஷன் பெரிய வகையா, இதய ரத்தக்குழாய் நோய் உண்டா, இதயம் பலவீனமாகி நீர் கோத்ததுண்டா, பக்கவாதம் வந்ததா, இன்சுலின் போடுகிறவரா, சிறுநீரகம் கெட்டிருக்கிறதா. நம் வீட்டுப் பெரியவர்களில் இரண்டு மூன்றுக்கு ஆமாம் என்று சொல்பவர்கள் நிறைய. இரண்டுக்கு மேல் ஆமாம் என்றால், ட்ரோபோனின் பார்ப்பீர்களா என்று மயக்க மருந்து டாக்டரிடம் கேட்கலாம்.

அப்படியானால் முன்கூட்டியே இதயத்துக்கு மாத்திரை கொடுத்துவிடலாமே?

கொடுத்துப் பார்த்தார்கள். ஆராய்ச்சி ஏன் வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். நாடியை மெதுவாக்கும் மெட்டோப்ரோலால் என்ற மாத்திரை ஆப்பரேஷன் சமயத்தில் இதயத்தைக் காப்பாற்றும் என்று பல டாக்டர்கள் நம்பினார்கள். காரணமும் நியாயமாகவே இருந்தது. பாய்ஸ் என்ற ஆய்வு 8,351 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மாத்திரையும் இன்னொரு குழுவுக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரையும் கொடுத்தது. முடிவு 2008இல் வந்தது. மாரடைப்பு 5.7 சதவீதத்திலிருந்து 4.2ஆகக் குறைந்தது. இதோடு நிறுத்தியிருந்தால் பெரிய வெற்றி. ஆனால் இறப்பு 2.3லிருந்து 3.1ஆக ஏறியது. பக்கவாதம் 0.5லிருந்து 1 சதவீதமாக, இரட்டிப்பானது. பிரஷர் மிகவும் இறங்கியதே பெரிய காரணம்.

மாரடைப்பை மட்டும் எண்ணியிருந்தால் இந்த மாத்திரை உலகம் முழுக்க இன்றும் கொடுக்கப்பட்டுக்கொண்டிருக்கும். ஏற்கெனவே இந்த வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் திடீரென நிறுத்திவிடக் கூடாது. அது வேறு ஆபத்து. ஆப்பரேஷனுக்காகப் புதிதாக, அதுவும் பெரிய அளவில் ஆரம்பிப்பதைப் பற்றித்தான் இந்த ஆய்வு.

சுகர் இருக்கிறது, மூன்று குழாயில் அடைப்பு. ஸ்டென்ட் நல்லதா, பைபாஸ் நல்லதா?

ஸ்டென்ட் என்பது அடைத்த குழாயைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாய். நெஞ்சைத் திறக்க வேண்டாம், ரெண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம் என்பதால் எல்லாரும் ஸ்டென்ட்டைத்தான் விரும்புகிறார்கள். ஆனால் சுகர் உள்ளவருக்குப் பல குழாயில் அடைப்பு என்றால், ஆய்வு பைபாஸ் பக்கம் நிற்கிறது. ஃப்ரீடம் என்ற ஆய்வில் 1,900 பேர், எல்லாரும் சுகர் நோயாளிகள். யாருக்கு எது என்பதைத் திருவுளச்சீட்டு போடுவதுபோல முடிவு செய்தார்கள். 2012இல் முடிவு வந்தபோது, ஐந்து வருடத்தில் ஸ்டென்ட் குழுவில் 16.3 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், பைபாஸ் குழுவில் 10.9. மாரடைப்பும் பைபாஸ் குழுவில் பாதிக்கும் குறைவு.

இதற்கு ஒரு விலை உண்டு. பக்கவாதம் பைபாஸ் குழுவில் 5.2 சதவீதம், ஸ்டென்ட் குழுவில் 2.4. அந்தக் கூடுதலில் நல்ல பங்கு ஆப்பரேஷனை ஒட்டிய நாட்களில் வந்தது. எழுபத்தைந்து வயது ஆயாவுக்கு, ஏற்கெனவே ஒருமுறை பக்கவாதம் வந்திருந்தால், இந்த எண் வேறு மாதிரி கனக்கும். ஐம்பத்தைந்து வயதுக்காரருக்கு முன்னே நிறைய வருடம் இருக்கிறது. அவருக்கு நான் பைபாஸைத்தான் சொல்வேன். இதய டாக்டரும் சர்ஜனும் சேர்ந்து உட்கார்ந்து பேசி முடிவெடுக்கச் சொல்லுங்கள். ஆஞ்சியோகிராம் மேசையில் படுத்திருக்கும்போதே "இப்பவே ஸ்டென்ட் போட்டுவிடலாமா?" என்று கேட்டால், மாரடைப்பு ஓடிக்கொண்டிருந்தாலொழிய, யோசிக்க நேரம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

வலி அவ்வளவாக இல்லை, ஆனால் அடைப்பு இருக்கிறது. ஸ்டென்ட் போட்டால் ஆயுள் கூடுமா?

நிலையாக இருக்கும் அடைப்புக்குக் கூடும் என்று நிரூபிக்கப்படவில்லை. 2020இல் வெளிவந்த இஸ்கீமியா ஆய்வில் 5,179 பேர். முதலிலேயே ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்தவர்களுக்கும், நல்ல மாத்திரையோடு ஆரம்பித்தவர்களுக்கும் மூன்று சொச்சம் வருடத்தில் இறப்பில் வித்தியாசம் இல்லை. வலி அடிக்கடி வந்தவர்களுக்கு வலி குறைந்தது, அது உண்மையான லாபம். இடது பிரதானக் குழாயில் பெரிய அடைப்பு உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. மாரடைப்பு வந்துகொண்டிருப்பவருக்கும் இது பொருந்தாது. அவருக்கு ஸ்டென்ட் உயிர் காக்கும். ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

ஆஞ்சியோகிராம் கையிலா, தொடையிலா?

முடிந்தால் மணிக்கட்டு வழியாக. ரத்தப்போக்கு குறைவு என்று பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் குழாய் படத்தில் தெரிவதற்காகச் செலுத்தும் சாயத்தைக் கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

வால்வு கெட்டு, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறேன். அடிக்கடி ரத்தம் எடுக்க வேண்டாத புது மாத்திரைக்கு மாறலாமா?

சின்ன வயதில் தொண்டைப் புண்ணை ஒட்டி வரும் ருமாட்டிக் காய்ச்சல் வால்வைக் கெடுப்பது நம் நாட்டில் இன்னும் இருக்கிறது. பணக்கார நாடுகளில் அது குறைந்துபோனதால் அங்கே ஆராய ஆளில்லாமல் இருந்தது. கேப்டவுன் இதய டாக்டர் பொங்கானி மயோசி இதற்காகவே உழைத்தார். அவர் 2018இல் காலமானது பெரிய இழப்பு. அவரும் சேர்ந்து தொடங்கிவைத்த இன்விக்டஸ் ஆய்வு 2022இல் வெளிவந்தது. ருமாட்டிக் வால்வு நோயோடு நாடி தாறுமாறாக ஓடும் சுமார் 4,500 பேர், பெரும்பாலும் பெண்கள். புது மாத்திரை ஜெயிக்கும் என்றுதான் பலர் எதிர்பார்த்தார்கள். பழைய வார்ஃபரின் வகையில்தான் இறப்பு குறைவாக இருந்தது. உலோக வால்வு வைத்தவர்களுக்கும் புது மாத்திரைகள் கூடாது. டாபிகாட்ரான் என்ற புது மாத்திரையை வைத்து நடந்த ஆய்வை, ரத்தம் உறைந்து கட்டுவதும் ரத்தப்போக்கும் கூடியதால் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

ஆகவே வார்ஃபரினைத் தொடருங்கள், ரத்தப் பரிசோதனைக்குத் தவறாமல் போங்கள். கீரையை நிறுத்த வேண்டியதில்லை, வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிடுங்கள். புரட்டாசியில் கறி நிறுத்தி ஒரு மாதம் கீரையாகச் சாப்பிடுகிறவர்கள் முன்பே கிளினிக்கில் சொல்லிவிட வேண்டும்.

வால்வு மாற்றியவர் தைப்பூசத்துக்கு அலகு குத்தலாமா?

வேண்டாம். நேர்த்திக்கடன் என்பது எவ்வளவு ஆழமானது என்று எனக்குத் தெரியும், என் வீட்டிலும் காவடி எடுக்கிறோம். ஆனால் செயற்கை வால்வில் கிருமி ஒட்டினால் அந்த நோய் வந்தவர்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இறந்துபோகிறார்கள். தோலைத் துளைக்கும் எதுவும் அதற்கு வழி திறக்கும், வார்ஃபரின் இருந்தால் ரத்தமும் நிற்காது. இப்படிப்பட்டவர்கள் உடம்பில் குத்திக்கொள்வதையும் பச்சை குத்துவதையும் தவிர்க்கவேண்டும் என்று ஐரோப்பிய இதயச் சங்கத்தின் வழிகாட்டியும் சொல்கிறது. பால்குடம் எடுக்கலாம், அலகில்லாமல் காவடி தூக்கலாம். விரதத்தில் இன்சுலின் அளவை மாற்ற வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல் டாக்டரிடம் போகும்போதும் வால்வு மாற்றியதைச் சொல்லுங்கள், முன்கூட்டி ஆன்டிபயாட்டிக் தேவைப்படலாம்.

ஆராய்ச்சியில் சேரச் சொல்கிறார்கள். நம்மை வைத்துச் சோதனை செய்கிறார்களா?

இந்த நாட்டில் இந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அதனாலேயே அரசியல் சட்டத்தின் 12ஆம் பிரிவு, விவரம் தெரிந்து சம்மதிக்காத எவரையும் மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தக்கூடாது என்கிறது. ஒவ்வொரு ஆய்வையும் பதிவு பெற்ற நெறிமுறைக் குழு ஒன்று முன்கூட்டிப் பார்த்து அனுமதிக்க வேண்டும். மருந்துச் சோதனைக்கு மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையத்தின் அனுமதியும் வேண்டும். மறுத்தாலும், பாதியில் விலகினாலும் உங்கள் வழக்கமான சிகிச்சை குறையக்கூடாது. போக்குவரத்துச் செலவும், செலவான நேரத்துக்கு ஈடும் கொடுப்பார்கள்.

படிவம் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் ஜூலுவிலும் இருக்கும். ஆங்கிலம் சரளமாக வராத ஆயாக்கள் பேரப்பிள்ளையைப் பார்த்துத் தலையாட்டுவதைப் பார்த்திருக்கிறேன். நான் ஒரு பக்கம் படித்துத் தமிழில் சொல்வேன், அப்புறம் "இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்க ஆயா" என்பேன். "ரெண்டு மாத்திரையில எது எனக்கு வரும்னு டாக்டருக்கே தெரியாது, வேணாம்னா நான் நிறுத்திக்கலாம்" என்று ஒரு ஆயா சொன்னார். அவ்வளவு புரிந்தால் போதும், கையெழுத்துப் போடலாம். புரியாமல் போடும் கையெழுத்து சம்மதம் ஆகாது. படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் யோசிக்கக் கேளுங்கள்.

ஆப்பரேஷனுக்கு முன் எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும்?

நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், எல்லா மாத்திரையையும் பையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். நாட்டு மருந்து, லேகியமும் சேர்த்து. வார்ஃபரினைப் பொதுவாக 5 நாள் முன்பு நிறுத்தச் சொல்வார்கள். டாபாக்லிஃப்ளோசின், எம்பாக்லிஃப்ளோசின் போன்ற சுகர் மாத்திரைகளை 3 நாள் முன்பு. இது பலருக்குத் தெரியாமல் போகிறது, நீங்களே ஞாபகப்படுத்துங்கள். ஸ்டென்ட் வைத்து 6 மாதம், மாரடைப்பில் வைத்தது என்றால் 12 மாதம் ஆகும்வரை, தள்ளிப்போடக்கூடிய ஆப்பரேஷனைத் தள்ளிப்போடுவதே நல்லது. சிகரெட்டை இன்றே நிறுத்துங்கள்.

வீட்டுக்கு வந்தபின் எதைக் கவனிப்பது?

முதல் 30 நாள் கவனமாக இருங்கள். காய்ச்சல், தையலில் சீழ் அல்லது சிவப்பு, இருமும்போது நெஞ்செலும்பு கிளிக் என்று அசைவது, ஒரு கால் மட்டும் வீங்குவது, நாடி படபடவென்று தாறுமாறாக ஓடுவது. பைபாஸ் செய்தவர்களில் மூன்றில் ஒருவர் போல இந்தக் கடைசிச் சிக்கலைச் சந்திக்கிறார்கள், பெரும்பாலும் முதல் வாரத்தில். தினம் காலையில் எடை பாருங்கள். ரெண்டு நாளில் ரெண்டு கிலோ ஏறினால் நீர் கோக்கிறது என்று அர்த்தம், செக்கப் தேதி வரட்டும் என்று காத்திருக்காமல் போன் செய்யுங்கள். மூச்சு முட்டினால், முகம் கோணினால், நெஞ்சு இறுக்கினால் காரில் ஏற்றிக்கொண்டு ஓடுவதைவிட 10177க்கு அழையுங்கள். செல்போனிலிருந்து 112. டிஸ்சார்ஜ் கடிதத்தையும் மாத்திரைப் பையையும் கதவுக்குப் பக்கத்தில் எடுத்து வையுங்கள். ஆம்புலன்ஸில் வருபவர்கள் முதலில் கேட்பது அவற்றைத்தான்.